எட்டு பெஞ்சு மிருகம்

21-8-61, திங்கள்

வருகைப் பதிவேட்டில் என் பெயரை இந்த மாதமும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறார்கள். மற்ற டீச்சர்கள் எல்லோரும் மையில் இருக்கிறார்கள். கடைசி வரியில் நான் மட்டும் பென்சிலில்: 'பவுனம்மாள், கைத்தொழில், தற்காலிகம்'. மூன்று வருஷமாக இப்படித்தான். கிளார்க்கிடம் கேட்டால், "அது ஆபீஸ் வழக்கம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்கிறார். ரப்பரை எடுத்து ஒரு தேய் தேய்த்தால் நான் இல்லை. இதை மனசில் வைக்காமல் டிரங்குப் பெட்டியிலா வைப்பேன்?

மத்தியானம் ஹெட்மிஸ்ட்ரஸ் சந்திரம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான். கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்று நெடுநேரம் துடைத்தார். அடுத்த வருஷம் கைத்தொழில் பாடம் வேண்டுமா என்று பள்ளிக் கமிட்டியில் பேச்சாம்.

"பேப்பர் கூடை, பேப்பர் முறம். இதையெல்லாம் வீட்டுல அம்மாவே சொல்லிக் குடுத்துடுவாங்களே, தனியா ஒரு டீச்சர் எதுக்குன்னு செகரட்டரி கேக்குறார். நான் என்ன பதில் சொல்றது, பவுனம்மா?"

செகரட்டரி சொல்வது பொய்யில்லை. நான் பிறந்த உப்பிலியபுரத்தில் எனக்கு அம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, கவிழ்த்த பானை மேல் அப்பிக் காயவைத்தால் கூடை. அதே கூடையைத்தான் இங்கே ஸ்ரீரங்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி டவுனில் ஜில்லாப் பள்ளிகளின் கைவேலைக் கண்காட்சி நடக்கப்போகிறது. "அங்க நம்ம மேஜை முன்னால நாலு பேராவது நின்னு பாக்கணும். செகரட்டரியைக் கூட்டிட்டு வந்து நான் காட்டணும். அப்பத்தான் என்னால வாய் தெறக்க முடியும்" என்றார். இல்லாவிட்டால் ஏப்ரலோடு சரி.

ஏப்ரலோடு சரி என்றால் ராமர் அண்ணன் வீடு. அண்ணன் தங்கமானவன். அண்ணியும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டாள். ஆனால் என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தேனே - கொடியில் என் புடவையை எங்கே போடுவது என்று ஒவ்வொரு நாளும் யோசிக்க வேண்டியிருந்தது. இங்கே கொள்ளிடம் போகிற பாதையில் ஒற்றை அறைதான். ஆனால் கொடி முழுக்க என்னுடையது.

22-8-61

கூடை, முறம், விசிறி. வேறென்ன தெரியும் எனக்கு? யோசித்ததில் சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

2-9-61, சனி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பூகோள டீச்சர் வஹீதாவின் அண்ணன் பெரிய கடைவீதியில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். கூடை செய்ய எனக்கு வேண்டிய காகிதம் அங்கிருந்துதான் வருகிறது. இன்று கட்டைக் கொண்டுவந்தவள், அதன் நடுவிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை உருவிப் பிரித்து என் மடியில் போட்டாள். கலர் படம். சந்தைபோல ஓர் இடத்தில், சுவர் ஓரமாகச் சில மிருகங்கள். என்ன மிருகம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றுக்குச் சேவல் தலை, பாம்பு உடம்பு, மேலே வண்ணத்துப்பூச்சி இறக்கை. இன்னொன்றுக்குக் கழுதைக் காதும் கொம்பும். எல்லாவற்றின் மேலும் ஓர் இடம் விடாமல் புள்ளியும் கோடும், மஞ்சளும் ரோஜா நிறமும்.

"மெக்ஸிகோவாம் டீச்சர். காகிதமும் பசையும் வச்சுத்தான் செஞ்சிருக்காங்க" என்று வஹீதா கீழே இருந்த இங்கிலீஷைப் படித்தாள். "கடைசி வரியக் கேளுங்க. இந்த மிருகங்கள் எதுவும் உலகத்தில் கிடையாது. அல்லாவே, கிடையாதுன்னு தெரிஞ்சே செஞ்சிருக்காங்க!"

பிறகு பூகோள அறைக்கு இழுத்துப்போய் பூமி உருண்டையைச் சுற்றி மெக்ஸிகோவைக் காட்டினாள். கிட்டத்தட்ட நமக்கு நேர் அடியில் இருக்கிறது. அவர்களும் மிளகாயும் சோளமும் தின்கிறவர்களாம். அவர்களும் பழைய காகிதத்தைத்தான் ஊறவைக்கிறார்கள். அதே காகிதம், அதே தண்ணீர் - நான் கவிழ்த்த பானையோடு நின்றுவிட்டேனே! முப்பத்தொரு வயசில் வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது.

10-9-61, ஞாயிறு

முதல் மிருகம் படுத்துவிட்டது. கழுத்து நிற்கவில்லை. மைதா பசை போட்டிருந்தேன். விடிந்து பார்த்தால் எறும்பு ஊர்வலம்; ஒரு காதைக் காணோம். மெக்ஸிகோவில் எறும்பு கிடையாதா என்ன?

16-9-61

புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினேன். அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். இனி எந்த எறும்பு வருகிறது பார்க்கலாம். கழுத்துக்குள் தென்னை ஈர்க்குக் கட்டு வைத்திருக்கிறேன். நிற்கிறது! ஒரு சாண் உயரம். நத்தை உடம்பு, ஆட்டுக் கொம்பு, மீசை வைத்த மனுஷ முகம். மீசையை எழுதும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று.

13-10-61, வெள்ளி

பள்ளிக்கூடக் கொலுவில் நத்தையாட்டை வைக்கலாம் என்று எட்டாம் வகுப்புப் பெண்களிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் சண்டை. எந்தப் படியில் வைப்பது? நத்தைக்கு ஈரறிவு, அதனால் கீழ்ப்படி என்றது ஒன்று. ஆடு ஐந்தறிவு ஆயிற்றே என்றது இன்னொன்று. மீசை இருப்பதால் ஆறறிவு, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில்தான் என்றது மூன்றாவது. கணக்கில் கெட்டிக்காரியான வள்ளிக்கண்ணு கூட்டி மூன்றால் வகுத்து, "நாலு அறிவும் கொஞ்சமும் வருது டீச்சர்" என்றாள். எனக்குத் தெரிந்து கொலுவில் கொஞ்சத்துக்கென்று படி கிடையாது.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஓட்டை இருக்கிறதா என்றுகூடத் தேடினார்.

"எதை வைக்கிறது இதுல?"

"எதையும் வைக்க முடியாதுங்கம்மா."

"கண்காட்சி பாரத்துல உபயோகம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன எழுதுவீங்க?"

நத்தையாடு கடைசியில் தரையில், பெண்கள் போட்டிருந்த பொம்மைப் பார்க்குக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. கொலு பார்க்க வந்த குழந்தைகள் எல்லாம் பெருமாளை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்ததை நான் கவனித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸும் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

6-11-61

விடாத மழை. எதுவும் காயவில்லை. அண்ணன் கடிதம்: 'ஏப்ரலில் வண்டி கொண்டு வரட்டுமா?' இப்போதே கேட்கிறான், அவசரக்காரன். அன்பாகத்தான் கேட்கிறான். அதுதான் கஷ்டம்.

17-12-61, ஞாயிறு

கோயிலில் ஏகாதசிக் கூட்டம். தெருவில் கால் வைக்க இடமில்லை. நான் உள்ளே உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்காட்சிக்கு ஒரே மிருகம், பெரியதாக, என் இடுப்பு உயரத்துக்குச் செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் எட்டு பெஞ்சு. பெஞ்சுக்கு ஒரு உறுப்பு என்று எழுதித் தரச் சொன்னேன். வந்தவை: சேவல் கொண்டை, ஆட்டுக் கொம்பு, முதலை வாய், வௌவால் சிறகு, மீன் செதில், புலிக் கால், தேள் வால். கடைசி பெஞ்சு பசுவின் மடி என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. மடி என்றால் மடி. எழுதினதைச் செய்யாமல் விடுவேனா?

வஹீதாவின் அண்ணன் தேர்தல் நோட்டீஸில் அச்சு பிசகின தாள்களை மூட்டையாக அனுப்பியிருக்கிறார். காளை மாடு, சூரியன், கதிர் அரிவாள் எல்லாம் ஒரே அண்டாவில் ஊறுகின்றன. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிறவர்கள் என் அண்டாவில் அடக்கமாக இருக்கிறார்கள்.

14-1-62, பொங்கல்

பொங்கலைக் கிளறிக்கொண்டே முதலைப் பல் செய்தேன். முப்பத்தாறு பல். உடம்பு நன்றாகக் காய்ந்துவிட்டது. தட்டினால் மத்தளம்போலச் சத்தம்.

கீரைக்கட்டு கொடுக்க வந்த இருளாயி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். தெருமுனை வேப்பமரத்தடியில் கீரை விற்கிறவள், வள்ளிக்கண்ணுவின் அம்மா.

"என்னங்க சாமி இது?"

"சாமி இல்ல இருளாயி, பொம்மை. காகிதம்."

"காகிதமா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

27-1-62, சனி

ஊரெல்லாம் ஒரே பேச்சு. பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிவரை எட்டு கிரகமும் மகர ராசியில் ஒன்றுசேர்கின்றனவாம். உலகம் அழியுமாம். கடலூர்க்காரி ஒருத்தி கடலுக்குப் பயந்து அக்காள் வீட்டுக்கு ஸ்ரீரங்கம் வந்திருக்கிறாள். மலைக்கோட்டை மேல் ஏறிவிட்டால் தப்பலாம் என்கிறான் வாழைத்தார் வண்டி ஓட்டும் மருதை. அவன் மாட்டை எப்படி ஏற்றப்போகிறானோ!

"உலகம் அழிஞ்சா கண்காட்சி தள்ளிப்போகுமா டீச்சர்?" என்றாள் வஹீதா, முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு.

2-2-62, வெள்ளி

வர்ணம் முடிந்தது. பொடி வர்ணத்தைக் கோந்தில் கலந்து பூசினேன். சிறகு ரோஜா நிறம், வயிறு மஞ்சள், கால் பச்சை. உடம்பு முழுக்கப் புள்ளிகளைப் பெண்கள் வைத்தார்கள். மெக்ஸிகோக்காரர்கள் எப்படி வைப்பார்களோ தெரியாது. இவர்கள் புள்ளிக் கோலம் போடுகிறமாதிரி ஊடுபுள்ளி எண்ணி வைத்தார்கள். கண்ணைக் கடைசியாக எழுதலாம் என்று விட்டிருக்கிறேன். கண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சு வார்னிஷ். அவ்வளவுதான். இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

அழகாக இருக்கிறது. என் கையால் செய்தது என்று என்னாலேயே நம்ப முடியவில்லை.

3-2-62, சனி

காலையில் வர்ணம் காயட்டும் என்று வேப்பமரத்தடிக்குத் தூக்கிப்போனேன். மரம் இலை உதிர்த்திருப்பதால் அங்கேதான் நல்ல வெயில். இருளாயியின் செங்கல் மேடைமேல் வைத்து, ஆடு, காக்கை அண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அரைநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

ஒரு மணிக்குத் திரும்பினால் மரத்தைச் சுற்றி இருபது பேர். விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் மிருகத்தின் கழுத்தில் அரளி மாலை. நெற்றியில் குங்குமம். முன்னால் சூடம் எரிகிறது. அது என்னை நேராகப் பார்த்தது. பார்த்தது! காலையில் கண் இல்லாமல் விட்டுப்போனதற்கு இப்போது இரண்டு பெரிய கரிய கண்கள்.

"கண்ணில்லாம நின்னுச்சுங்க, பாக்கப் பொறுக்கல" என்றாள் இருளாயி. "எம்பொண்ணோட மையை எடுத்து நாந்தான் வச்சேன்."

"இது பொம்மைன்னு உனக்குத் தெரியாதா?"

"காலைல வரைக்கும் பொம்மைதாங்க. இப்பக் கண்ணு தெறந்தாச்சே."

மருதை விரலை மடக்கி எண்ணினான். "கொண்டை, கொம்பு, வாயி, செறகு, செதிலு, காலு, வாலு, மடி. எட்டு! எட்டு கெரகத்துக்கும் எட்டு! யாரு சொல்லி இப்புடிச் செஞ்சீங்க?"

கடைசி பெஞ்சு என்று சொன்னால் நம்புவார்களா? மகரம் என்பதே பாதி முதலை, பாதி வேறு என்று கோயில் வாகனத்தைக் காட்டி ஒருவர் விளக்கம்வேறு சொன்னார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வழி விடுங்க" என்று தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் கையை நீட்டினேன். சத்தியமாக.

அதற்குள் இருளாயி தட்டை எடுத்தாள். "செஞ்ச கைக்குத்தான் மொதல்ல" என்று குங்குமத் தட்டை என் முன்னால் நீட்டினாள். இருபது பேர் பார்க்கிறார்கள். யாரும் தடுக்கவில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷம். இந்தப் பதினோரு வருஷத்தில் எந்தக் கல்யாணத்தில், எந்தக் கொலுவில், யார் என் முன்னால் இந்தத் தட்டை நீட்டினார்கள்? தட்டு என்னைத் தாண்டித்தான் போகும். நானும் அதற்கு முன்பே நகர்ந்துகொள்வேன்.

ஒரு விரலால் தொட்டேன். நெற்றிவரை கொண்டுபோக தைரியம் வரவில்லை. விரலிலேயே வைத்துக்கொண்டு வந்து, இந்தப் பக்கத்தின் மூலையில் வைத்திருக்கிறேன்.

மிருகத்தை எடுக்கவில்லை. எப்படி எடுப்பேன்? "விளக்கு, சூடம் கிட்ட வைக்காதீங்க. காகிதம், பத்திக்கும். நெருப்பு ஆகவே ஆகாது" என்று மட்டும் பத்து தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

4-2-62, ஞாயிறு

கூட்டம் திருவானைக்காவலிலிருந்தெல்லாம் வருகிறது. கயிறு கட்டி வரிசை விட்டிருக்கிறார்கள். என் அறை வாசலில் செருப்பு மலை. உலகம் அழியாமல் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எல்லோருக்கும் இது மறந்துபோகும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். வார்னிஷ் பூச ஒரு நாள் போதும்.

5-2-62, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பெண்கள் வரவில்லை என்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள். தெருவுக்குள் நுழையும்போதே காலடியில் மஞ்சள் தண்ணீர் ஓடிவந்தது. மஞ்சளில் கொஞ்சம் ரோஜா நிறம். என் சிறகு நிறம்!

எட்டு வீடு, வீட்டுக்கு எட்டுக் குடம். அறுபத்துநாலு குடம் ஊற்றியிருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீர், பால், இளநீர். முதலில் கொம்பு விழுந்ததாம். சாமி உத்தரவு என்று இன்னும் வேகமாக ஊற்றினார்களாம். நான் போனபோது புலிக் கால் நாலும் ஈர்க்குக் கட்டாக நின்றுகொண்டிருந்தது. மேலே ஒன்றும் இல்லை.

கத்தினேன். நடுத்தெருவில் நின்று கத்தினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? காகிதம்னு சொன்னேனே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

இருளாயி நடுங்கிப்போனாள். "நெருப்பு ஆகாதுன்னு சொன்னீங்க. அதான் குளுரக் குளுர ஊத்தினோம். தண்ணி ஆகாதுன்னு நீங்க சொல்லலியேம்மா…"

சொல்லவில்லை. நெருப்பை மட்டும்தான் சொன்னேன். சாமி என்றால் அபிஷேகம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஜில்லாவில் பிறந்தவள்தானே? யாரைக் குறை சொல்ல? அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஒரு தட்டுக்கு மயங்கிவிட்டேன். ஒரு தட்டு குங்குமத்துக்கு என் வேலையைக் கொடுத்துவிட்டேன், முட்டாள், முட்டாள்.

கண்காட்சிக்கு ஐந்து நாள். அந்த உடம்பு காய நாலு வாரம் ஆயிற்று.

அண்ணனுக்குக் கடிதம் எழுத வேண்டும். நாளைக்கு.

6-2-62, செவ்வாய்

உலகம் இருக்கிறது. பால்காரன் வழக்கம்போலத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தான்.

ஏழு மணிக்குக் கதவு தட்டல். இருளாயி, பின்னால் வள்ளிக்கண்ணு, இன்னும் தெருப்பெண்கள் ஏழெட்டுப் பேர். நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டி. அதைத் தூக்கிவந்த மருதை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். தொட்டி நிறைய என் மிருகம். கூழாக, சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில்.

"சாமியை மண்ணுல விட மனசு வரல. ஒரு துளி விடாம வழிச்சு வச்சிருக்கோம்" என்றாள் இருளாயி. நேற்று நான் கத்தியது அவள் முகத்தில் இன்னும் இருந்தது. "ஆத்துல கரைக்கணும்னு மருதை சொல்றான். நாந்தான் உங்களைக் கேக்காம கூடாதுன்னுட்டேன்."

கையை விட்டுப் பார்த்தேன். நன்றாக மசிந்து, பிசின் குறையாமல் - நான் எத்தனை நாள் இடித்தாலும் இவ்வளவு பதம் வந்திருக்காது. சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் அவர்கள் பயந்துவிட்டார்கள்.

"கரைச்சாச்சே இருளாயி, இன்னும் என்ன கரைக்கிறது? உக்காருங்க எல்லாரும்."

பெரியதுதான் நாலு வாரம். கையளவு மிருகம் இந்த வெயிலில் இரண்டு நாளில் காயும்.

7-2-62, புதன்

மாலையில் பள்ளி விட்டதும் எட்டாம் வகுப்பு முழுவதும் என் வாசலில். அவர்களைத் தேடி வந்த அம்மாக்கள், அம்மாவைத் தேடி வந்த அத்தைகள். அச்சுக்குத் தேங்காய்ச் சிரட்டை, எலுமிச்சம்பழம், மருந்து பாட்டில், எது கிடைத்ததோ அது. ஒரே சட்டம்தான்: உலகத்தில் இல்லாததாக இருக்க வேண்டும்.

அம்மாக்களுக்குத்தான் அது வரவில்லை. பசுவைச் செய்யச் சொன்னால் பசுவே செய்கிறார்கள். வள்ளிக்கண்ணு தன் அம்மாவை அதட்டிக்கொண்டிருந்தாள். "அது வெறும் கோழிம்மா. கோழிக்கு என்ன ஆசைன்னு யோசி. நீந்தணும்னு ஆசைன்னா துடுப்பு வை."

இருளாயி வெகுநேரம் யோசித்து, கோழிக்கு யானைத் தும்பிக்கை வைத்தாள். "கொத்திக் கொத்திக் கழுத்து வலிக்குமுல்ல" என்றாள்.

9-2-62, வெள்ளி

நாற்பத்தொரு மிருகம். ஓட்டின்மேல் காயவைத்து, வர்ணம் பூசி முடித்தோம். எல்லாம் ஒரே குடும்பம்போல லேசாக மஞ்சளடித்திருக்கின்றன. அபிஷேக மஞ்சள் போகவே இல்லை.

கண் மட்டும் எழுதவில்லை. எழுத விடவில்லை. இந்தத் தெருவை இனி நம்பமாட்டேன். கண்காட்சி மேஜைமேல் வைத்த பிறகுதான் கண். தெருவே ஒப்புக்கொண்டது.

பாரம் நிரப்பினோம். பொருளின் பெயர், செய்தவர் எல்லாம் எழுதியாயிற்று. உபயோகம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வஹீதா பிடுங்கி என்னவோ எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

10-2-62, சனி

மருதையின் வண்டியில், வாழைச்சருகு மெத்தைமேல், நாற்பத்தொரு குருட்டு மிருகங்கள் காவேரிப் பாலம் தாண்டின. பின்னாலேயே பஸ்ஸில் நாங்கள்.

ஹாலில் எங்கள் மேஜைக்கு மூலையில்தான் இடம். பக்கத்து மேஜையில் வேறு பள்ளிக்கூடத்துப் பையன்கள் செய்த நாற்காலி - கடைந்த கால், பளபளப்பு. கூட்டமெல்லாம் அங்கே. பதினோரு மணிக்கு எங்கள் முன்னால் ஒருவர்கூட இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கண்ணு வச்சிடலாமா டீச்சர்?" என்றாள் வள்ளிக்கண்ணு.

மைக்கிண்ணத்தைத் திறந்தோம். முதல் பிரஷ்ஷை அவளே எடுத்தாள். பழக்கத்தில் இருளாயி எங்கிருந்தோ சின்ன முகக்கண்ணாடியை எடுத்து மிருகத்தின் எதிரில் பிடித்தாள், சிலைக்குக் கண் திறக்கும்போது பிடிக்கிறமாதிரி. ஒரு குரல், யாரோ தெரியாதவர், "அங்க கண்ணு தெறக்குறாங்க!" என்றது. அவ்வளவுதான். நம் ஜனங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? நாற்காலியை விட்டுவிட்டு ஹாலே எங்கள் மூலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கண் வைக்க வைக்க 'ஆ' என்றார்கள். தும்பிக்கைக் கோழிக்குக் கண் வைத்தபோது கை தட்டினார்கள். நாலு பேர் கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ், வந்தது நானூறு பேர்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு செகரட்டரியைக் கூட்டிவந்தார். செகரட்டரி பாரத்தை எடுத்து உரக்கப் படித்தார். "உபயோகம்: 5-2-62 அன்று உலகம் அழியாமல் காத்தது." நிமிர்ந்து பார்த்தார். வஹீதா மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன விளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்லீங்க" என்றாள் இருளாயி. "நாங்க ஊத்தினோம். அது கரைஞ்சுது. நீங்களும் நானும் இங்க நிக்குறோம்ல?"

கூட்டம் சிரித்தது. செகரட்டரியின் உதடும் லேசாக அசைந்தது. அந்த நேரம் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் இருளாயியிடம் கேட்டார். "ஏம்மா, இதெல்லாம் வீட்டுல உம்பொண்ணுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"நானா? எனக்கே அவதாங்க சொல்லிக் குடுத்தா!"

ஹெட்மிஸ்ட்ரஸ் செகரட்டரியின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைப் பொறுமையாக மாட்டிக்கொண்டார்.

12-2-62

முதல் பரிசு நாற்காலிக்கு. எங்களுக்கு ஒன்றுமில்லை. வேலை விஷயம் கமிட்டி கூடித்தான் முடிவு செய்யும் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். கவலைப்பட எனக்குத் தெம்பில்லை. பதினான்கு மணி நேரம் தூங்கினேன்.

4-4-62, புதன்

பரீட்சை முடிந்தது. கமிட்டி இன்னும் கூடவில்லை. அண்ணன் வண்டி அனுப்புவதாக எழுதியிருக்கிறான். லீவுக்கு மட்டும் வருகிறேன், ஒரே ஒரு பெட்டியோடு என்று பதில் போட்டேன். அறையைக் காலி செய்யவில்லை. இது தைரியமா, திமிரா? அண்டாவில் மிச்சக் கூழைக் காயவைத்து உருண்டையாக உருட்டி வைத்திருக்கிறேன்.

4-6-62, திங்கள்

பள்ளி திறந்தது. காலையில் மரத்தடியைத் தாண்டும்போது இருளாயி கூப்பிட்டாள். செங்கல் மேடையில் அவளுடைய தும்பிக்கைக் கோழி, மாலையோடு. "வார்னிஷ் அடிச்சது. மழை வந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள், எனக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில். தட்டை நீட்டினாள். இன்று எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். சின்னதாகத்தான்.

ஆபீஸ் அறையில் கிளார்க் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கடைசி வரியில் இல்லை, தேடினேன். வஹீதாவுக்குக் கீழே, ஏழாவது வரியில், நீல மையில்: 'பவுனமாள், கைத்தொழில்'. பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

ஒரு 'ம்' விட்டுப்போயிருந்தது. அவருடைய பேனாவை வாங்கி நானே போட்டேன்.